போட்டெரோவுக்கு முன்னும் பின்னும்: கொலம்பிய ஓவியம் பற்றி ஒரு கேள்விக்குப் பதில்

"கொலம்பியா என்றால் குண்டு குண்டாக மனிதர்களை வரைந்த போட்டெரோ மட்டும்தான் தெரியும். அவரைத் தவிர சொல்லிக்கொள்ளும்படி யாராவது உண்டா? மிச்சமெல்லாம் ஐரோப்பாவைப் பார்த்து வரைந்ததுதானே? பார்க்க வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு ஒரு பெயர்ப்பட்டியல் போதும். உங்களை உண்மையில் உறுத்துவது இரண்டாவது கேள்வி என்று நினைக்கிறேன். பார்த்து வரைந்தது என்று தெரிந்த பிறகு அதற்கு என்ன மரியாதை, என்பதுதானே? என் பதில் இது: ஆமாம், பார்த்துத்தான் வரைந்தார்கள், நானூறு வருஷத்துக்கும் மேலாக. கொலம்பிய ஓவியத்தில் இருக்கும் நல்ல சரக்கில் பாதி அந்தப் பழக்கத்திலிருந்து வந்ததுதான். எங்கிருந்தோ வந்த அச்சுப்படம், நாளிதழ்ப் புகைப்படம், மலிவான சாமி படம் இவற்றை எடுத்து வேறொன்றாக ஆக்குவதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள்.

என் எல்லையையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கலைக் கல்லூரியில் பல வருஷம் கலை வரலாறு நடத்தியவன். லத்தீன் அமெரிக்கா என் பாடத்தில் ஒரு பகுதி. கொலம்பியாவில் கால் வைத்ததில்லை. சில மூலப் படைப்புகளை வெளிநாட்டுக் கண்காட்சிகளில் பார்த்திருக்கிறேன், மற்றவை அச்சிலும் திரையிலும் பார்த்தவை. ஆகவே வண்ணம், அளவு, தூரிகைத் தடம் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடே எடுத்துக்கொள்ளுங்கள். நடந்த சம்பவங்களைப் பொறுத்தவரை, ஆவணம் உள்ளதையும் வழிவழியாகச் சொல்லப்படும் கதையையும் பிரித்தே சொல்கிறேன்.

ஒரு காண்டாமிருகத்திலிருந்து ஆரம்பிக்கலாம். தலைநகர் பொகோட்டாவுக்கு வடகிழக்கே, ஆண்டீஸ் மலைமேல், 1539இல் ஸ்பானியர்கள் நிறுவிய துன்ஹா என்ற ஊர் இருக்கிறது. அங்கே அரசு எழுத்தராக இருந்த ஹுவான் தே வர்காஸ் என்பவரின் வீட்டு மேற்கூரையில் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் வரைந்த ஓவியங்கள் இன்னமும் இருக்கின்றன. கிரேக்க, ரோமானியத் தெய்வங்கள், இயேசுவின் பெயர்ச்சின்னம், செடிகொடிகள், இவற்றுக்கு நடுவில் யானை, காண்டாமிருகம். ஆண்டீஸ் மலையில் காண்டாமிருகம் ஏது? குஜராத் சுல்தான் போர்ச்சுகீசியர்களுக்குக் கொடுத்த ஒரு காண்டாமிருகம் கோவா வழியாக 1515இல் லிஸ்பன் போய்ச் சேர்ந்தது. அதைக் கண்ணால் பார்க்காமலே, யாரோ எழுதி அனுப்பிய விவரத்தையும் ஒரு கோட்டுப்படத்தையும் வைத்து ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் ட்யூரர் மரக்கட்டை அச்சுப்படம் செய்தார். உடம்பெல்லாம் கவசத் தகடு மாட்டியது போல இருக்குமே, அந்தப் படம்தான். அதைப் பார்த்து ஸ்பெயினில் ஹுவான் தே ஆர்ஃபே தன் புத்தகத்தில் போட்டார். அந்தப் புத்தகம் கப்பலேறி துன்ஹாவுக்கு வந்து, பெயர் தெரியாத ஓர் ஓவியர் கையில் கூரைக்கு ஏறியது. பார்க்காதவர் வரைந்ததைப் பார்த்து வரைந்ததைப் பார்த்து வரைந்தது! ஆனால் அந்தக் கூரையைப் படத்தில் பார்த்தால்கூட, மேலே ஐரோப்பிய அலங்காரமும் ஓரங்களில் வெப்பமண்டலப் பழமும் இலையுமாக, ஐரோப்பாவில் எங்கேயும் கிடைக்காத ஒரு கலவை அது என்று புரிந்துவிடும்.

அதே துன்ஹாவில் அதற்கு முன்னால், 1560களில், அலோன்சோ தே நார்வாயெஸ் என்ற வெள்ளி வேலைக்காரர் ஒரு மாதா படம் வரைந்தார். கித்தான் கிடைக்கவில்லை, உள்ளூர்ப் பழங்குடியினர் நெய்த பருத்திப் போர்வையில், அக்கம்பக்கத்தில் கிடைத்த மண், செடிச் சாயங்களைக் கொண்டு வரைந்தார். போர்வை அகலமாக இருந்ததால் மாதாவின் இரு பக்கமும் இடம் மிஞ்சியது. படம் செய்யச் சொன்னவர் பெயர் அந்தோணியோ, ஏற்பாடு செய்த துறவியின் பெயர் ஆந்த்ரேஸ். எனவே ஒரு பக்கம் புனித அந்தோணியார், இன்னொரு பக்கம் புனித அந்திரேயா. மழை ஒழுகி, வெயில் பட்டு வெளிறிப்போன அந்தத் துணி சிக்கின்கிரா என்ற ஊருக்குப் போனது. 1586 டிசம்பர் 26 அன்று தானாகவே பளிச்சென்று புதுப்பித்துக்கொண்டது என்பது நம்பிக்கை. அற்புதம் நடந்ததா என்பது என் துறை இல்லை. சிக்கின்கிரா மாதாதான் இன்றுவரை கொலம்பியாவின் பாதுகாவலி. அந்தத் துணி அங்கே பேராலயத்தில் இருக்கிறது.

காலனிக் காலத்துப் பெரிய பெயர் கிரெகோரியோ வாஸ்கெஸ் தே ஆர்சே இ செபாயோஸ். 1638இல் பிறந்து 1711இல் இறந்தவர், பொகோட்டாக்காரர். ஃபிகெரோவா குடும்பத்தின் பட்டறையில் தொழில் பழகினார். குருவால் சரியாக வரைய முடியாத புனித ரோக்கின் கண்களைச் சிறுவன் வாஸ்கெஸ் வரைந்து முடித்தான், குரு பொறாமையில் விரட்டிவிட்டார் என்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். இது எல்லா நாட்டு ஓவியர்களுக்கும் சொல்லப்படும் கதை, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு கன்னியாஸ்திரீயைக் கடத்தியதில் உடந்தை என்று சிறை போனதும், கடைசியில் வறுமையில் மனம் பேதலித்து இறந்ததும் அவர் வாழ்க்கைக் குறிப்புகளில் வரும். முதலாவதற்குக் கொஞ்சம் பலம் உண்டு, இரண்டாவதில் கற்பனை கலந்திருக்கும் என்று படுகிறது. சந்தேகமே இல்லாதது அவர் விட்டுப்போன நூற்றுக்கும் மேற்பட்ட கோட்டோவியங்கள். பொகோட்டா காலனிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கை, பாதம், குழந்தை முகம், துணி மடிப்பு என்று துண்டு துண்டாக வரைந்து வைத்திருப்பார். ஃப்ளாண்டர்ஸிலிருந்து (இன்றைய பெல்ஜியப் பகுதி) வந்த செப்புத்தகட்டு அச்சுப்படங்களிலிருந்து உருவங்களை எடுத்து, வேண்டியபடி கூட்டிக் கழித்து, புதிய படம் கட்டுவது அவர் முறை. அவருடைய திரித்துவப் படம் (பிதா, மகன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பது) ஒன்று உண்டு: ஒரே தலையில் மூன்று மூக்கு, மூன்று வாய், நான்கு கண். மூன்று முகங்களும் கண்களைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. இப்படி வரையக்கூடாது என்று 1628இலேயே போப் எட்டாம் உர்பான் தடை போட்டிருந்தார். தடைக்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஆண்டீஸில் அதை நிம்மதியாக வரைந்திருக்கிறார் மனிதர். கொஞ்ச நேரம் பார்த்தால் எந்தக் கண் எந்த முகத்துக்கு என்று நமக்கே தலை சுற்றும்.

ஐரோப்பியர் வருவதற்கு முன்னால் என்ன இருந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் விட மனமில்லை. தெற்கே தியெர்ராதெந்த்ரோவில் பாறையைக் குடைந்து நிலத்தடியில் கட்டிய கல்லறை அறைகள் இருக்கின்றன. சுவரிலும் தூணிலும் வெள்ளைப் பூச்சின்மேல் சிவப்பும் கறுப்புமாகக் கோலங்கள். கி.பி. 6 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை என்று காலம் சொல்கிறார்கள். அமேசான் பக்கம் சிரிபிகேத்தே மலைத்தொடரின் பாறை முகப்புகளில் ஆயிரக்கணக்கான சிவப்பு உருவங்கள். 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கேயும் அருகிலுள்ள லிந்தோசா பாறைகளிலும் உள்ளவை பனியுகத்து மிருகங்கள், பன்னிரண்டாயிரம் வருஷப் பழமை என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். ஓவியங்கள் இருப்பது உறுதி, மிகப் பழையவை என்பதும் உறுதி. எவ்வளவு பழையவை, அந்த மிருகம் அழிந்துபோன யானை இனமா வேறு ஏதாவதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை. தங்கம் தனி உலகம். தங்கமும் செம்பும் கலந்து, மெழுகு அச்சு முறையில் வார்த்த உருவங்களை பொகோட்டா தங்க அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். 1969இல் பாஸ்கா என்ற ஊருக்கு அருகே குகையில் கிடைத்த குட்டித் தெப்பம் அதில் புகழ்பெற்றது. கிம்பாயா தங்கக் குவியல் ஒன்றை 1893இல் கொலம்பிய அரசே ஸ்பெயின் ராணிக்குப் பரிசாகத் தூக்கிக் கொடுத்துவிட்டு, 2017இல் கொலம்பியாவின் அரசியல் சாசன நீதிமன்றம் அதைத் திரும்பக் கேட்கச் சொல்லி உத்தரவிட்டது.

இவற்றுக்கும் காலனிக் காலத்துக்கும் நடுவே பாலம் போட்டாற்போல் உயிரோடு இருப்பது பாஸ்தோ நகரத்து மெருகு வேலை. மோப்பா-மோப்பா என்ற காட்டு மரத்தின் மொட்டுப் பிசினைக் கொதிக்க வைத்து, இடித்து, பிசைந்து உருண்டையாக்குவார்கள். முன்பெல்லாம் வாயில் போட்டு மென்று பதப்படுத்தினார்களாம். சாயம் சேர்த்ததும் இரண்டு பேர் எதிரெதிரே நின்று, கையாலும் பல்லாலும் கவ்வி இழுத்து, கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிசாக விரிப்பார்கள். அதைக் கத்தியால் பூவாக, பறவையாக வெட்டி, மரப்பெட்டியின் மேல் சூட்டோடு ஒட்டுவார்கள். பசை கிடையாது, தூரிகையும் கிடையாது. காலனிக் காலத்தில் அடியில் வெள்ளித் தாள் வைத்துப் பளபளக்கச் செய்ததும் உண்டு. 2020இல் யுனெஸ்கோ இதை உடனடியாகக் காப்பாற்ற வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. கலை வரலாற்றுப் புத்தகங்கள் இதைக் 'கைவினை' என்று ஓரத்தில் தள்ளிவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அடுத்து வருவது என்னைக் கேட்டால் கொலம்பிய ஓவியத்தின் உச்சங்களில் ஒன்று, ஆனால் அருங்காட்சியகச் சுவருக்காக வரைந்ததே அல்ல. 1783இல் ஸ்பானிய மருத்துவரும் பாதிரியாருமான ஹோசே செலெஸ்தீனோ மூத்திஸ் தலைமையில் அரச தாவரவியல் ஆய்வுப் பயணம் தொடங்கியது, முதலில் மாரிகிட்டாவில், 1791 முதல் பொகோட்டாவில். பயணம் என்று பெயரே தவிர, பெரும்பாலும் அது ஓர் ஓவியப் பட்டறை. கீட்டோவிலிருந்தும் உள்ளூரிலிருந்தும் ஓவியர்களைச் சேர்த்து, பையன்களுக்குப் பள்ளிக்கூடமும் வைத்து, 6,000க்கும் மேற்பட்ட படங்களைச் செய்தார்கள். ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: தாளின் நடுவில் கொடி ஏறுகிறது, ஓர் இலை முன்பக்கம் காட்டும், பக்கத்து இலை திரும்பி நரம்போடிய அடிப்பக்கத்தைக் காட்டும், மொட்டு, பூ, காய் மூன்றும் ஒரே கொம்பில். காட்டில் எந்தக் கொடியும் இப்படி ஒழுங்காக நிற்காது. ஆனாலும் பொய் என்று தோன்றாது. பிரான்சிஸ்கோ ஹாவியெர் மாத்தீஸ் என்ற உள்ளூர் ஓவியரை உலகத்திலேயே சிறந்த மலர் ஓவியர் என்றே ஜெர்மானிய அறிவியலாளர் ஹும்போல்ட் பாராட்டினார். பட்டறையை நிர்வகித்த சால்வடோர் ரிசோ கறுப்பின வம்சாவழி வந்தவர். விடுதலைப் போரில் சேர்ந்து 1816இல் ஸ்பானியப் படையால் கொல்லப்பட்டார். மறுவருஷமே படங்களைப் பெட்டி பெட்டியாகக் கட்டி மாட்ரிட் அனுப்பிவிட்டார்கள். அங்கே தாவரவியல் தோட்டத்தில் இன்றும் இருக்கின்றன. முறையாக நூல் வரிசையாக வெளிவரத் தொடங்கியது 1954இல்தான். வரைந்தவர்களின் பேரப்பிள்ளைகள்கூட அவற்றைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

19ஆம் நூற்றாண்டை வேகமாகக் கடக்கிறேன், ஏனென்றால் அதில் ஆவணமாக முக்கியமானது அதிகம், ஓவியமாக முக்கியமானது குறைவு. 1819இல் பொயாக்கா போரில் வென்ற பொலிவருக்காகப் பெத்ரோ ஹோசே ஃபிகெரோவா ஒரு படம் வரைந்தார். அதில் பொலிவர் பக்கத்தில் இறகுக் கிரீடமும் நகையும் போட்ட சிறு பெண்ணாக அமெரிக்கக் கண்டம். அவர் தோளில் கைபோட்டிருக்கிறார். விடுதலை வீரருக்குப் பக்கத்தில் விடுதலை பெற்ற நாடு பொம்மை அளவில் நிற்பதைப் பார்த்தால் இன்று கொஞ்சம் சிரிப்பு வரும். ஹோசே மரியா எஸ்பினோசா போரில் கொடி பிடித்தவர், பிறகு 1828இல் பொலிவரை நேரில் உட்காரவைத்து வரைந்தவர். அந்த முகத்தில் களைப்பு தெரியும். 1850 முதல் 1859 வரை அகுஸ்தீன் கோதாஸியின் தலைமையில் நாட்டை அளந்த குழுவோடு போன ஓவியர்கள் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நீர்வண்ணப் படங்களை விட்டுச்சென்றார்கள். 1886இல் தேசிய நுண்கலைப் பள்ளி வந்தது. அதற்கு 1904இல் இயக்குநராக வந்த ஆந்த்ரேஸ் தே சாந்தா மரியா ஐரோப்பாவிலேயே வளர்ந்தவர். கெட்டியாக வண்ணம் பூசிய அவர் படங்களைப் பார்த்து ஊரே முகம் சுளித்தது. 1911இல் ஐரோப்பாவுக்கே திரும்பிவிட்டார். அவர் நிறங்கள் எனக்குப் பிடிக்கும், ஆனால் கொலம்பியாவில் அவருக்குத் தொடர்ச்சி என்று யாரும் இல்லை. மக்கள் மனதில் நின்றது பிரான்சிஸ்கோ அந்தோணியோ கானோவின் 1913ஆம் வருஷத்து 'அடிவானங்கள்'. குடியேறப் போகும் இளம் தம்பதி, மடியில் குழந்தை, தூரத்து மலையைக் காட்டும் கணவன் கை. அந்தக் கை மைக்கேலாஞ்சலோ வரைந்த ஆதாமின் கையை நினைவூட்டும். மெடலின் நகரம் இருக்கும் அந்தியோக்கியா மாநிலத்துக்காரர்களுக்கு அது கிட்டத்தட்ட வீட்டுப் படம்.

1930களில் மெக்சிகோ சுவரோவியங்களின் காற்று அடித்தது. பெத்ரோ நெல் கோமெஸ் மெடலின் நகராட்சி மாளிகைச் சுவர்களில் ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் சுரங்கத் தொழிலாளர், பசித்த குழந்தையின் வெறும் மேசை என்று வரைந்தார். 1950களில் அவற்றைத் திரை போட்டு மூடினார்கள். இப்போது அந்தக் கட்டடமே அந்தியோக்கியா அருங்காட்சியகம். அவரிடம் படித்தவர் டெபோரா அராங்கோ, 1907இல் பிறந்து 2005 வரை வாழ்ந்தவர். ஒரே ஒருவரைத்தான் சொல்லலாம் என்றால் நான் இவரைத்தான் சொல்வேன். 1939இல் மெடலினில் ஒரு கனவான்கள் சங்கத்தில் நடந்த கண்காட்சியில் பெண் நிர்வாணங்களை வைத்தார். தேவதை மாதிரியான நிர்வாணம் இல்லை; வியர்வையும் சதையும் ரோமமும் உள்ள, பக்கத்துத் தெருப் பெண்ணின் உடம்பு. ஊர் கொதித்தது. பேராயர் கூப்பிட்டுக் கண்டித்ததாகவும், "பெத்ரோ நெல்லும் நிர்வாணம் வரைகிறாரே, அவரைக் கூப்பிட்டீர்களா?" என்று இவர் கேட்டதற்கு "அவர் ஆண்" என்று பதில் வந்ததாகவும் சொல்வார்கள், டெபோரா தரப்பிலிருந்து வந்த கதை இது. 1940இல் அப்போது கல்வி அமைச்சராக இருந்த ஹோர்ஹே எலியெசெர் கைத்தான் அழைத்து பொகோட்டாவில் காட்டினார், பழமைவாதப் பத்திரிகை கிழித்துத் தொங்கவிட்டது. 1955இல் மாட்ரிட்டில் வைத்த கண்காட்சியைப் பிராங்கோ அரசு மறுநாளே மூடியது. அந்த கைத்தான்தான் 1948 ஏப்ரல் 9 அன்று பொகோட்டா தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார், நகரம் எரிந்தது. டெபோரா மெடலினில் வானொலியில் செய்தி கேட்டு அதை நீர்வண்ணத்தில் வரைந்தார். நடுவில் தேவாலயக் கோபுரம், மணியடிக்க ஏறியவர்கள், கீழே பிணத்தைச் சுமந்துபோகும் கூட்டம், துப்பாக்கிச் சனியன்கள். நீர்வண்ணம் என்றாலே மென்மை என்று நினைப்போமே, இதில் அது சேறும் ரத்தமுமாக ஓடுகிறது. 1953இல் பதவி இழந்த அதிபர் லவ்ரியானோ கோமெஸை ஒரு தவளையாகத் தூக்குப்படுக்கையில் கிடத்தி, முன்னால் எலும்புக்கூட்டை நடக்கவிட்டார். பிறகு பல வருஷம் வீட்டோடு ஒதுங்கிவிட்டார். 1980களில் 200க்கும் மேற்பட்ட படைப்புகளை மெடலின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தபோதுதான் நாடு அவரைக் கண்டுபிடித்தது. இன்று 2,000 பெசோ நோட்டில் அவர் முகம்.

ஏன் இத்தனை தாமதம்? பழமைவாதிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1954இல் அர்ஜென்டினாவிலிருந்து வந்த மார்த்தா த்ராபா என்ற விமரிசகர் தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் நவீன ஓவியத்துக்காக வாதாடினார். பொகோட்டா நவீனக் கலை அருங்காட்சியகத்தை நிறுவினார். சுவரோவியக்காரர்களை அவர் சுத்தமாக ஒதுக்கினார், அந்தப் புதிய வரிசையில் டெபோராவுக்கும் இடம் இருக்கவில்லை. அவர் தூக்கிப் பிடித்தவர்கள் ஓப்ரெகோன், நெக்ரேத், ரமீரெஸ் விய்யமிசார், போட்டெரோ. கண் கூர்மையானவர்தான், ஆனால் அவர் விருப்பு வெறுப்பே நாற்பது வருஷம் பாடப்புத்தகமாகிவிட்டது. அலெஹாந்த்ரோ ஓப்ரெகோனைப் பற்றி அவர் சொன்னது சரி. நாவலாசிரியர் கார்சியா மார்க்கேஸின் பர்ரங்கீயா நகரத்து நண்பர் கூட்டத்தில் ஒருவர் இவர். 1962இல் வரைந்த 'வன்முறை' படத்துக்குத் தேசியக் கண்காட்சிப் பரிசு கிடைத்தது. சாம்பல் நிற வெளியில் கர்ப்பிணி ஒருத்தியின் சடலம் மல்லாந்து கிடக்கிறது; மார்பும் வயிறும் மலைமுகடுகள் மாதிரி அடிவானத்தோடு கலந்துவிடுகின்றன. இரண்டு லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்படும் உள்நாட்டுக் கலவரக் காலத்துக்கு அவர் தந்த படம் இதுதான். ஓரத்தில் ஒரு துப்பாக்கிகூட இல்லை.

சரி, போட்டெரோ. 1932இல் மெடலினில் பிறந்து 2023இல் மொனாக்கோவில் காலமானார். குண்டர்களை வரைபவர் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். கன அளவை வரைகிறேன் என்பார். 1956இல் மெக்சிகோவில் ஒரு மேண்டலின் வரையும்போது நடுவிலுள்ள ஒலித்துளையைத் தவறுதலாகச் சின்னதாகப் போட்டுவிட்டாராம்; உடனே வாத்தியம் பூதாகரமாக ஊதிப்போய் நின்றது. அவரே பல முறை சொன்ன கதை, கொஞ்சம் மெருகேறியிருக்கலாம், ஆனால் அவர் உத்தி முழுக்க இதில் அடங்கிவிட்டது: பெரிய முகத்தில் சின்னக் கண், சின்ன வாய். இதிலும் பார்த்து வரைதல் உண்டு. 1958இல் தேசியக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய படம் இத்தாலிய ஓவியர் மான்தேன்யாவின் சுவரோவியத்துக்கு மறுவடிவம். 1961இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வாங்கியது 'பன்னிரண்டு வயது மோனலிசா'. அந்த ஆரம்ப காலப் படங்களில் வண்ணம் கரடுமுரடாக, தூரிகை ஓட்டம் தெரியும்படி இருக்கும். பிற்காலத்துப் பளபளப்பை விட அவை எனக்கு நூறு மடங்கு மேல். கடைசி முப்பது வருஷத்தில் தன்னையே நகலெடுத்தார் என்பது என் அபிப்பிராயம். விதிவிலக்கு, இராக்கின் அபு கிரைப் சிறைச் சித்திரவதை பற்றிய 2005ஆம் வருஷத் தொடர். அதை விற்க மறுத்துவிட்டார். 1995 ஜூன் மாதம் மெடலினில் அவருடைய வெண்கலப் பறவைச் சிற்பத்துக்கு அடியில் குண்டு வைத்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வயிறு கிழிந்த சிற்பத்தை அகற்றக்கூடாது என்று சொல்லிவிட்டு, பக்கத்திலேயே முழுப் பறவை ஒன்றைச் செய்து வைத்தார். இரண்டும் இப்போதும் சேர்ந்து நிற்கின்றன.

போட்டெரோ பிறந்த அதே 1932இல் புகராமங்காவில் பிறந்தவர் பியாட்ரிஸ் கோன்சாலெஸ். உங்கள் 'பார்த்து வரைந்தது' கேள்விக்கு நேரடியான பதில் இவர்தான். 1965இல் சிஸ்கா அணையில் ஒரு காதல் ஜோடி குதித்து இறந்தது. குதிப்பதற்கு முன் எடுத்துக்கொண்ட படம் நாளிதழில் வந்தது: இருவரும் ஒரு பூங்கொத்தைச் சேர்த்துப் பிடித்திருக்கிறார்கள். மட்டமான அச்சில் முகங்கள் தட்டையாகி, நிழலெல்லாம் கறைத் திட்டாகியிருந்தது. கோன்சாலெஸ் பிடித்துக்கொண்டது அந்தத் திட்டுகளைத்தான். நீலம், மஞ்சள், சிவப்பு என்று தட்டையாக நிறம் அடைத்து 'சிஸ்காவின் தற்கொலையாளர்கள்' வரைந்தார். தேசியக் கண்காட்சி முதலில் தள்ளியது, அப்புறம் பரிசு கொடுத்தது. அடுத்து மலிவான அச்சுப்படங்களுக்குப் போனார். நம்மூர் வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டும் சாமி காலண்டர் மாதிரி, அங்கே வீட்டுக்கு வீடு தொங்கும் பக்திப் படங்கள். மோன்செர்ராத்தே மலைக்கோயிலில் சிலுவைப் பாரத்தில் விழுந்து கிடக்கும் இயேசுவை 1970இல் இரும்புக் கட்டிலின் மெத்தைப் பகுதியில் எனாமல் வண்ணத்தில் வரைந்து வைத்தார். லியோனார்டோவையும் மனேயையும் மேசைமேலும் திரைச்சீலையிலும் போட்டார். 1981இல் அதிபர் துர்பாய் விருந்தொன்றில் பாட்டுப்பாடிக் கும்மாளமிடும் பத்திரிகைப் படத்தைத் திரைத்துணியில் அச்சடித்து மீட்டர் கணக்கில் விற்றார்.

1985 நவம்பரில் கெரில்லாக்கள் பொகோட்டா நீதிமன்ற மாளிகையைப் பிடித்ததும், ராணுவம் டாங்கியோடு உள்ளே போய் மீட்டதும், நீதிபதிகள் உட்பட ஏறத்தாழ 100 பேர் இறந்ததும் நடந்தன. அதற்குப் பிறகு சிரிக்க முடியவில்லை என்று கோன்சாலெஸ் சொல்லியிருக்கிறார், படங்களிலும் அது தெரியும். நாளிதழ்ப் படம்தான் இப்போதும் மூலம், ஆனால் அழும் தாய்களும் பிணம் சுமப்பவர்களும். 2009இல் பொகோட்டா மத்தியக் கல்லறையில், எலும்புகளை எடுத்துவிட்டுக் காலியாகக் கிடந்த 8,957 மாடங்களின் வாயை மூடினார். ஒவ்வொரு பலகையிலும் கறுப்பு நிழலுருவம்: இரண்டு பேர் ஒரு சடலத்தைத் துணியிலோ கழியிலோ தூக்கிப்போகிறார்கள். மொத்தம் எட்டே வகை உருவங்கள், கையால் அச்சிட்டவை, திரும்பத் திரும்ப. அச்சுப்படத்தைப் பார்த்து வரையும் நானூறு வருஷப் பழக்கம் இங்கே எதில் போய் நிற்கிறது பாருங்கள்.

அவருக்கு அடுத்த தலைமுறையை ஓவியர்கள் என்று சொல்ல முடியாது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். அந்தோணியோ காரோ 1976இல் 'கொலம்பியா' என்ற பெயரைக் கோக்ககோலா எழுத்தில் சிவப்புத் தகரத்தில் எழுதினார், அவ்வளவுதான் படைப்பு. போபயானில் பிறந்த ஆஸ்கர் முனியோஸின் 'மூச்சு', 1995: சுவரில் கண்ணாடி போல வழவழப்பான எஃகுத் தட்டுகள், முக உயரத்தில். பார்த்தால் உங்கள் முகம்தான் தெரியும். அருகில் போய் ஊதினால் ஆவி படிந்து, மரண அறிவித்தல் பத்தியிலிருந்து எடுத்த ஒருவர் முகம் எழும்பும். மூச்சு ஆறியதும் போய்விடும். டோரிஸ் சால்செடோ 2002இல், அதே நீதிமன்ற மாளிகைச் சுவரிலிருந்து காலி நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டார். முற்றுகை நடந்த அதே நவம்பர் 6, 7 தேதிகளில், அது நீடித்த நேரம் முழுக்க. 2016 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு ஃபார்க் கெரில்லாக்கள் ஒப்படைத்த 37 டன் ஆயுதங்களை உருக்கித் தரைத் தகடுகளாக வார்த்தார். அதற்கான அச்சுகளைச் சுத்தியலால் அடித்து உருவாக்கியவர்கள் போரில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள். பொகோட்டாவில் அந்தத் தரைமேல் நடந்து போகலாம். அனுதாபத்தைச் சுலபமாகப் பறிக்கும் கலை என்று இவரைக் குறை சொல்பவர்களும் உண்டு. எனக்கும் சில படைப்புகளில் அந்தச் சங்கடம் வரும், இதில் வரவில்லை.

மூத்திஸின் பட்டறைக்கு எதிர்ப்பக்கமாக ஒருவரைச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஆபெல் ரொத்ரீகெஸ், அமேசான் காட்டின் நொனூயா இனத்தவர். மோகாஹே கீஹு அவருடைய இயற்பெயர். செடிகளின் பெயரும் பயனும் காக்கும் பொறுப்புக்காகவே சிறுவயதிலிருந்து பயிற்சி பெற்றவர். வெளிநாட்டு ஆய்வாளர்களுக்குக் காட்டில் வழிகாட்டியாக இருந்தார். சண்டை காரணமாகக் காட்டை விட்டு பொகோட்டாவுக்கு வந்த பிறகு, முதுமையில், நினைவிலிருந்தே காட்டை மரம் மரமாக வரைந்தார். வெள்ளம் ஏறும் மாதம், வடியும் மாதம், எந்த மரத்தில் எந்தப் பறவைக்குப் பழம் என்று எல்லாம் ஒரே தாளில் இருக்கும். 2017இல் ஜெர்மனியின் டாக்குமென்டா கண்காட்சி வரை போயின அந்தத் தாள்கள். மூத்திஸின் ஓவியர்கள் கொடியைக் காட்டிலிருந்து பிடுங்கி வெள்ளைத் தாளில் தனியாக நிறுத்தினார்கள். இவர் படத்தில் தனியாக நிற்கும் மரமே குறைவு.

எங்கே தொடங்குவது என்றால், பயணச் செலவில்லாமல் மூன்று இடம். மாட்ரிட் தாவரவியல் தோட்டம் மூத்திஸ் படங்களை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது; பெரிதாக்கி இலை நரம்பு வரை பார்க்கலாம். கொலம்பிய மத்திய வங்கியின் கலைத் தொகுப்பு இணையத்தில் இருக்கிறது. ஓப்ரெகோனின் 'வன்முறை' அதில் உண்டு, போட்டெரோ 2000இல் அந்த வங்கிக்குக் கொடுத்த தன் படங்களும் பிக்காஸோ, மோனே முதலியோரின் படங்களும் உண்டு. மெடலின் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தளத்தில் டெபோரா அராங்கோ. ஸ்பானிஷில்தான் பெரும்பாலும் இருக்கும். ஓவியர் பெயரைப் போட்டுத் தேடினால் படம் வந்துவிடும். முதலில் டெபோராவின் ஏப்ரல் 9 நீர்வண்ணம், அடுத்து சிஸ்கா ஜோடி, அதற்கப்புறம் பன்னிரண்டு வயது மோனலிசா. இந்த வரிசையில் பார்த்துவிட்டு, போட்டெரோ பற்றி இன்னும் கேட்க வேண்டியிருந்தால் எழுதுங்கள்.